அக்குளும் ஃப்ரிட்ஜும்: வீட்டு டியோடரன்ட் குறித்த ஓர் ஆய்வு

சென்னையில் வீட்டில் செய்யப்படும் இயற்கை டியோடரன்ட் தேவைப்படாத மாதத்தில் கெட்டியாக இருக்கும். தேவைப்படும் மாதத்தில் ஓடிவிடும். இவ்வாய்வின் கருதுகோள் இதுவே, முடிவும் இதுவே. இரண்டையும் எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைப்பது ஆய்வேட்டு மரபுக்கு ஒவ்வாது என்பதை அறிவோம். ஆயினும் கத்திரி வெயிலில், தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே இதைப் படிப்பவர் இருக்கக்கூடும். அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் மேல் கைப்பிடியைப் பற்றியிருக்கவும் கூடும். அந்த நிலையில் இருப்பவரைக் கடைசிப் பத்தி வரை காக்கவைப்பது அறமன்று.

ஆய்வின் எல்லை அக்குள் மட்டுமே. கழுத்து, முதுகு முதலியன வேறு துறையினருக்கு விடப்பட்டுள்ளன. பாதம் குறித்துத் தனி ஆய்வேடு தேவை. அதை எழுத முன்வருவோர் சாக்ஸுக்கென்று ஓர் இயல் ஒதுக்க வேண்டும்.

முதற்கண் ஒரு பழியைத் துடைத்தாக வேண்டும். வியர்வை நாறுவதில்லை. உடம்பெங்கும் பரவியிருக்கும் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் வெளியேற்றுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். உடம்பைக் குளிர்விப்பதே அதன் முதன்மையான நோக்கம். அக்குள் போன்ற சில இடங்களில் மட்டும் கூடுதலாக இன்னொரு ரகச் சுரப்பி உண்டு. அபோக்ரைன் என்று பெயர். வயதுக்கு வரும்வரை சும்மா கிடந்துவிட்டு, அதன்பின் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு கசிவை விடத் தொடங்கும். அதற்கும் வெளியே வரும்போது வாடை கிடையாது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று செரிக்கும்போதுதான் விவகாரம் ஆரம்பிக்கிறது. கோரினிபாக்டீரியம் இனத்தார் 3-மெத்தில்-2-ஹெக்ஸெனாயிக் அமிலம் என்ற ஒன்றை வெளியிடுகிறார்கள்; கிடாயின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஸ்டஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்பவர் வெளியிடுவது கந்தகம் கலந்த, வெங்காயச் சாயல் உள்ள பொருள். அவர் அதை எந்த நொதியைக் கொண்டு செய்கிறார் என்பதை பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் விளக்கினார்கள். நம் ஊரில் இவ்விரண்டின் கூட்டணிக்குக் கற்றாழை நாற்றம் என்று பெயர். ஆக, கைப்பிடியைப் பற்றி நிற்பவர் வெறும் வீட்டுக்காரர். வம்பு பண்ணுவது குடித்தனக்காரர்கள். காலி பண்ணச் சொன்னால் போகிறவர்களும் அல்லர்.

இனி முன்னாய்வுகள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி கூந்தலை நீராட்டுகிறாள். அந்த நீரில் துவர் 10, விரை 5, ஓமாலிகை 32 ஊறிக் கிடக்கின்றன. மொத்தம் 47 சரக்கு. இன்றைக்கு நாட்டு மருந்துக் கடையில் அந்தச் சீட்டை நீட்டினால், அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்ப்பார். நம் ஆய்வுக்கு முக்கியமானது வேறொன்று: அந்த 47இல் எதையும் இளங்கோவடிகள் அக்குளுக்கென்று தனியே பிரித்துச் சொல்லவில்லை. அத்தனையும் கூந்தலுக்கே போயின. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரரும் அப்படியே. பிருகத் சம்ஹிதையில் வாசனைக் கலவைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, 16 பொருள்களிலிருந்து நான்கு நான்காக எடுத்தால் 1,820 சேர்க்கைகள் வரும் என்று கணக்கும் போட்டிருக்கிறார். நம் அடுக்களையில் இதற்குத் தேறுபவை நான்கே பொருள்கள். அவர் கணக்குப்படி நான்கிலிருந்து நான்கை எடுக்க ஒரே வழிதான் உண்டு என்பதால் இவ்வாய்வின் பெரும்பகுதி வேலை மிச்சமாயிற்று.

அக்குளைத் தனிநாடாகப் பிரித்தது அமெரிக்கா. 1888இல் ஃபிலடெல்ஃபியாவில் ‘மம்’ என்ற பசை விற்பனைக்கு வந்தது. டப்பாவுக்குள் விரலை விட்டு எடுத்துத் தடவ வேண்டும். பிறகு சின்சினாட்டியில் ஒரு மருத்துவர், அறுவைச் சிகிச்சை நேரத்தில் தம் கை வியர்க்காமல் இருக்க ஒரு மருந்து செய்தார். அவருடைய மகள் எட்னா மர்ஃபி அதை அக்குளுக்குத் திருப்பிவிட்டு ‘ஓடோரோனோ’ என்று பெயரும் வைத்தார். 1919இல் அதன் விளம்பரம் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழில் வந்தபோது, பெண்களின் அக்குளைப் பற்றிப் பத்திரிகையில் பேசுவதா என்று சுமார் 200 பேர் சந்தாவை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு விற்பனை இரட்டிப்பையும் தாண்டியது. 1952இல் பால்பாயிண்ட் பேனாவைப் பார்த்து ரோல்-ஆன் வந்தது. விரலிலிருந்து உருளைக்கு வர உலகத்துக்கு 64 ஆண்டுகள் பிடித்தன. இயற்கை வழிக்குத் திரும்பியவர்கள் இப்போது மறுபடியும் டப்பாவுக்குள் விரலை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததே. கால் கப் ஆப்பசோடா, கால் கப் ஆரோரூட் மாவு, ஐந்தாறு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், மேலாகச் சில சொட்டு வெட்டிவேர்த் தைலம். சோடாவையும் மாவையும் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்க்க வேண்டும். முதலில் உதிரியாகக் கிடக்கும். பிறகு கிண்ணத்தின் ஓரத்தில் அப்பும். கடைசியில் கரண்டியைத் தூக்கினால் கூடவே எழும்பி, யோசித்துவிட்டு விழும். அதுதான் பதம். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும்; எவ்வளவு தேய்த்தாலும் இருக்கும். சோடா தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. மிக்ஸியில் சோடாவை முன்னமே ஓட்டி எடுத்தால் நறநறப்பு மட்டுப்படும்.

இதில் உண்மையாக வேலை பார்ப்பது சோடாதான். மேற்படி கிடா வாடை அமிலம் ஆவியாகி மூக்கை எட்டினால்தான் நாற்றம். சோடா அதைப் பிடித்து உப்பாக்கிவிடுகிறது; உப்பு பறக்காது. ஆரோரூட் மாவு ஈரத்தை உறிஞ்சும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலத்தில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம், அது பாக்டீரியாவுக்கு ஆகாது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆகாதுதான், ஆனால் எண்ணெய்க்குள் அது கிளிசராலோடு கட்டுண்டு கிடக்கிறது, கட்டை அவிழ்த்துவிட ஆள் வேண்டும். இதற்கெல்லாம் தோல் கொடுக்கும் விலை வேறு. தோலின் அமில காரக் குறியீடு 5ஐ ஒட்டியது, சோடாக் கரைசலுடையது 8ஐத் தாண்டியது. இந்த இழுபறியில் சிலருக்கு அக்குள் சிவந்து எரிந்து, இரண்டு கையையும் அகட்டிக்கொண்டே தெருவில் நடக்கும்படி ஆகும். பார்ப்பவர்கள் ஜிம்முக்குப் போய்வந்தவர் என்று நினைத்துக்கொள்வது ஒன்றே ஆறுதல். சோடாவைப் பாதியாக்கி மாவைக் கூட்டிக்கொள்வதும், சவரம் செய்த சூட்டோடு தடவாமல் இருப்பதும் நல்லது.

இப்போது மையப் பிரச்சினைக்கு வருவோம். தேங்காய் எண்ணெயின் உருகுநிலை 24 டிகிரி செல்சியஸை ஒட்டியது. இந்தச் செய்முறை புழங்கும் குளிர்தேசங்களில் வீட்டுக்குள் 20, 21 டிகிரிதான். அங்கே தேங்காய் எண்ணெய் என்றாலே வெள்ளைக் கட்டி; சுரண்டித்தான் எடுப்பார்கள். சென்னையில் மே மாதப் பகல் 37, 38ஐத் தொடும். விடியற்காலையில்கூட 27க்குக் கீழே இறங்க மனசு வராது. ஜனவரி விடியலில் மட்டும் 21க்கு வந்து எட்டிப் பார்க்கும். அந்தச் சில வாரங்களில் குளியலறை மாடத்தில் எண்ணெய் பாட்டில் உறைந்துபோய், தலைக்குக் குளிக்க வேண்டியவர்கள் அதை மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டுக் காவல் இருப்பார்கள். அந்த வாரங்களில்தான் நம் டியோடரன்ட்டும் பத்திரிகையில் படம் போடுகிற அளவுக்கு அழகான பசையாக இருக்கும். அப்போது எவருக்கும் வியர்க்காது. இதற்கு ‘உருகல் முரண்’ எனப் பெயர் சூட்டுகிறோம். ஊட்டியில் இம்முரண் இன்னும் கூர்மையானது: அங்கே பசை ஏறத்தாழ ஆண்டு முழுதும் கெட்டி, மேலே ஆண்டு முழுதும் ஸ்வெட்டர்.

ஏப்ரல் பிறந்ததும் டப்பாவுக்குள் பிரிவினை தொடங்குகிறது. சோடாவும் மாவும் அடியில் வண்டலாகப் படிய, எண்ணெய் மேலே தெளிந்து நிற்கும். மேலாக விரல் விட்டால் கிடைப்பது வெறும் தேங்காய் எண்ணெய்; ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் வெளிர்நீலச் சட்டையில் இரண்டு பக்கமும் இரண்டு கறை. அடிவரை விட்டால் கிடைப்பது வெறும் சோடா. பலன் மேலே சொன்னபடி. கலக்கிவிட்டு எடுக்கலாம். ஆனால் ரயிலுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் கலக்குகிற பொறுமை உள்ளவருக்கு வியர்ப்பதே இல்லை என்பது நம் கணிப்பு.

எனவே டப்பா ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. போன கணத்தில் ஆய்வு வேதியியலை விட்டுவிட்டுக் குடும்பவியலுக்குள் நுழைகிறது. கீழ்வருவது களப்பதிவு.

“என்னடா இது, நேத்துச் சட்னி இப்படிக் கல்லாக் கெடக்கு?”

“அதத் தொடாதம்மா. அது அக்குளுக்கு.”

“எதுக்கு?”

“அக்குளுக்கும்மா. நாத்தம் வராம இருக்க.”

“அத ஏன்டா தோசை மாவுக்குப் பக்கத்துல வெச்சிருக்க?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தச் செய்முறையிலும் விடை இல்லை. இத்துறையின் மிகப் பெரிய இடைவெளி இதுவே எனலாம். நெடிய விவாதத்துக்குப் பின் டப்பா காய்கறி டிரேக்கு மாற்றப்பட்டது. அங்கே கறிவேப்பிலையோடு ஒரு வாரம் இருந்ததில் வெட்டிவேர் மணம் மறைந்து ரசம் தாளித்த மணம் வந்தது. தவிர, ஃப்ரிட்ஜுக்குள் பசை வெறும் கெட்டியாவதோடு நிற்பதில்லை, பாறையாகிறது. நகத்தால் பெயர்த்து எடுத்த அந்தச் சில்லைக் காலை ஏழு மணிக்கு அக்குளில் வைப்பவரின் முகபாவம் நாட்டியத் துறையினர் ஆராயத்தக்கது.

தேன்மெழுகு சேர்த்தால் உருகாதே என்பார் உளர். உண்மை. அது 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் குறைவாகச் சேர்த்தால் பயனில்லை, கூடிவிட்டால் பசை தோலில் ஒட்டாமல் முடியில் ஒட்டும். மெழுகை உருக்கிய கிண்ணம் மறுபடி கிண்ணமாக வீடு திரும்பாது என்பதையும் சொல்ல வேண்டும். தேங்காய் நாரும் சாம்பலும் அதனிடம் தோற்கும். வெந்நீர் ஊற்றினால் உருகி ஓடி, தொட்டிக்கு அடியில் குழாய் வளைவில் போய் உட்கார்ந்து உறையும். பிளம்பரிடம் காரணத்தைச் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

எண்ணெயையே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பது தூள் கட்சி. இவர்களுக்கு நம் மரபின் ஆதரவு உண்டு. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயவைத்து மெஷினில் கொடுத்து அரைத்தால் நலங்கு மாவு. வெயிலோடு சண்டை போடாமல் வெயிலையே வேலை வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் உருகுநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. குறை ஒன்றுதான்: பூசிக் கழுவிவிடுவதால் காலை பத்து மணிக்கு மேல் அதற்குப் பொறுப்பு கிடையாது. கழுவாமல் தூவிக்கொண்டு போனவர்கள் உண்டு. கறுப்புச் சட்டை போட்ட நாளில் அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

மிஞ்சுவது படிகாரம். முடிதிருத்தும் கடையில் சவரத்துக்குப் பின் கன்னத்தில் இழுப்பது, கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பது, கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் திருஷ்டிக்குத் தொங்குவது எல்லாம் இதுவேதான். வெட்டிவேர் வாங்கப் போன இடத்தில் ஆய்வின் நோக்கத்தை விளக்கியபோது நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சி முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தண்ணியில நனைச்சு ரெண்டு இழுப்பு இழுங்க சார். அதுக்கு முன்னால நல்லாக் குளிங்க.” அலுமினியம் ஆகாது என்று ரோல்-ஆனைத் தூக்கியெறிந்தவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். ஆயினும் இக்கட்டுரையாளரின் சாய்வு அதன் பக்கமே. விலை சொற்பம், கிண்ணம் பாழாகாது, ஃப்ரிட்ஜில் இடம் கேட்காது. அதன் உருகுநிலை 92 டிகிரியை ஒட்டியது; சென்னை வெயில் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

இவற்றின் பலனை அளப்பது எப்படி? ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு மரத்துவிடும் என்பதால் தன் அக்குளுக்குத் தானே மார்க் போட முடியாது. அமெரிக்காவில் இதற்கென்றே பயிற்சி பெற்ற நடுவர்கள் முகர்ந்து பார்த்து எண் இடுகிறார்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு இ-1207 என்ற எண்ணில் அதற்கு வழிகாட்டி நெறியே வெளியிட்டிருக்கிறது. நம் வீடுகளில் இப்பணியை ஊதியமின்றிச் செய்துவருபவர் மனைவி. அவர் எண்கள் இடுவதில்லை. “ஃபேனுக்கு அந்தப் பக்கம் போய் உக்காருங்க” என்பதே அவரது அளவீட்டு முறை, அதில் பிழை நேர்ந்ததாகப் பதிவில்லை.

இறுதியாக ஒரு சிறு குறிப்பு. காதுக் குறும்பி பிசுபிசுப்பாக இருப்பதும் பொடியாக உதிர்வதும் ஏபிசிசி11 என்ற ஒரே மரபணுவைப் பொறுத்தது என்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதே மரபணுதான் அக்குளுக்கும் அதிகாரி. கொரியர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும், சீனர் ஜப்பானியரில் பெரும்பாலோருக்கும் குறும்பி பொடி ரகம். அவர்கள் அக்குளில் நாற்றத்துக்கான மூலப்பொருளே அதிகம் சுரப்பதில்லை. நம்மவர்களில் இரண்டு ரகமும் உண்டு. ஆகவே வாசகர் சுண்டுவிரலை ஒருமுறை காதுக்குள் விட்டு எடுத்துப் பார்ப்பது நலம். பொடியாக உதிர்ந்தால் அவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. இதை முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஆய்வேட்டுக்குக் குறைந்தபட்சப் பக்க அளவு என்று ஒன்று இருக்கிறது.