நெய்தல் நிலத்து நாஸ்: மட்டாஞ்சேரி வீட்டுச் சர்வர் பற்றி ஒரு திணையியல் ஆய்வு

கடையில் கட்டிக்கொடுத்த நாஸ் என்னும் வலைச் சேமிப்புப் பெட்டியைக் கழித்துவிட்டு, உதிரிப் பாகங்களை வாங்கித் தானே ஒரு மீடியா சர்வர் கூட்டும் குடும்பத் தலைவனின் நடத்தையை இதுவரை பொறியியல் நோக்கில்தான் பார்த்துவந்திருக்கிறார்கள். செலவுக் கணக்கும் வேகக் கணக்கும் அந்த நடத்தையை விளக்கவில்லை. அது அகத்திணைக்கு உரியது. ஐந்திணையும் கடந்தால்தான் சர்வர் முழுமை பெறும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். களம் மட்டாஞ்சேரி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடு ஒன்று, அது கட்டுரையாளருடையது. ஒரு வீடு போதாது என்போர் அவ்வீட்டு மின்கட்டண ரசீதைப் பார்த்துவிட்டுப் பேசுக.

நெய்தல்

நிலம்: காயலும் காயல் சார்ந்த இடமும். தெய்வம்: வருணன், ஜூன் மாதத்தில் மின்சாரத்தைக் கொண்டுபோகிறவனும் அவனே. பறை: யுபிஎஸ் அலறல். உரிப்பொருள்: இரங்கல். நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் உரியன. ஹார்டு டிஸ்க் பழுதாவதற்கும் அப்படியே.

சாதாரண ஹார்டு டிஸ்க்கின் மேல்மூடியில் குண்டூசித் தலையளவு துளை ஒன்றுண்டு. 'இதை மூடாதே' என்று பக்கத்திலேயே ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க, வடிகட்டி வழியே டிஸ்க் மூச்சுவிடும் வழி அது. 2013 முதல் ஹீலியம் அடைத்து இறுக மூடிய டிஸ்க்குகளும் சந்தையில் உள்ளன. நம் வீட்டில் இருந்தது மூச்சுவிடும் சாதி. பத்தாயத்துக் குருமிளகே பூஞ்சணம் பூக்கும் ஊரில் அது எதைச் சுவாசித்திருக்கும் என்பதை விரிப்பின் பெருகும்.

இரங்கலுக்கு உலகச் சான்றுகளும் உண்டு. 2021 ஜூனில் 'மை புக் லைவ்' பெட்டிகள் இணையம் வழியே தாக்கப்பட்டு, பலரின் கோப்புகள் ஒரே இரவில் துடைக்கப்பட்டன. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற பணயத் தீநிரல் கியூநாப் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. 2025-இல் சினாலஜி நிறுவனம், தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளுக்குத் தன் முத்திரை டிஸ்க்குகளே வேண்டும் என்று விதித்து, எதிர்ப்புக் கிளம்பவும் அதே ஆண்டு அக்டோபரில் இறங்கிவந்தது. நம் வீட்டுப் பெட்டி இவற்றில் எதுவுமில்லை. அதற்கு அப்டேட் வருவது நின்றுபோனது, அவ்வளவே.

குறிஞ்சி

உரிப்பொருள்: கூடல். தலைவன் தோப்பும்படிப் பாலம் தாண்டி எர்ணாகுளம் சென்று மதர்போர்டைக் கண்டு மயங்குகிறான். தோழி இடத்தில் யூடியூப். தலைவன் நயந்தது இன்டெல் என்100 பிராசசர்: கோர் நான்கு, நிர்ணயித்த மின்பசி 6 வாட், வீடியோவை உருமாற்றத் தனிச் சுற்று. பழைய பெட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எந்த மென்பொருள் என்பதில் உரையாசிரியர் இரு சாரார். ட்ரூநாஸே சிறந்தது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்புமுறை அதில் இருப்பதால், பிட் ஒன்று கெட்டாலும் கண்டுபிடிக்கும் என்பர் ஒரு சாரார். அன்ரெய்டே சிறந்தது, அளவு ஒவ்வாத டிஸ்க்குகளையும் ஏற்கும் என்பர் மறுசாரார். படம் காட்ட ஜெல்லிஃபின் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுவர். காரணம், காசு கேட்காது.

முல்லை

உரிப்பொருள்: இருத்தல். பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு 8 டெராபைட் பெயர வேண்டும். கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் என்று கொண்டால் சுமார் 20 மணி நேரம். குடும்பப் புகைப்படங்கள் போலச் சில்லறைக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் இன்னும் நீளும். திரையிலுள்ள பட்டை 3 மணி நேரம் என்னும். சற்றுக் கழித்து 11 என்னும். சங்கத் தலைவிக்குக் கார்காலம் என்ற கெடுவாவது இருந்தது.

மருதம்

உரிப்பொருள்: ஊடல். பரத்தை இடத்தில் டெர்மினல் திரை. தலைவி கூற்று: "ஏங்க, பழசுலயே படம் ஓடிட்டுதானே இருந்துது?" இதற்கு விடை எந்த நூலிலும் இல்லை.

ஒரே தெருவில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எல்லாம் கேட்கும் ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வருவோர் ஆளுக்கொரு சப்டைட்டில் கேட்பர். எழுத்தாக உள்ள சப்டைட்டிலை டிவியே காட்டிவிடும். படமாகச் சேமித்த சப்டைட்டிலைக் காட்டத் தெரியாத டிவிக்கோ, சர்வர் அதை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒட்டி முழு வீடியோவையும் புதிதாய்ச் செய்து அனுப்ப வேண்டும். பழைய பெட்டி திணறியது இங்கேதான். தலைவன் தரப்பில் உள்ள ஒரே நியாயம் இது.

தலைவி தரப்பு நியாயம் கேஎஸ்இபி மின்கட்டண ரசீதில் உள்ளது. டிஸ்க்குகளும் சேர்ந்து 30 வாட் என்றால் மாதம் 21.6 யூனிட். கேரளத்தில் மாத நுகர்வு 250 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்குப் படிநிலைச் சலுகை போய், மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விகிதம். ஏசி ஓடும் ஏப்ரலில் அந்தக் கோட்டைத் தாண்டவைத்தது எது என்று வீட்டில் விசாரணை வந்தால், இரவும் பகலும் விளக்கு மினுக்கும் பெட்டியே முதல் குற்றவாளி.

பாலை

உரிப்பொருள்: பிரிதல். ஆய்வின் முடிபு இத்திணையில்தான் உள்ளது. ரெய்டு இருக்கிறதே, பிரதி எதற்கு என்பது பூர்வபட்சம். 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் வகுத்த ரெய்டு, டிஸ்க் ஒன்று செத்தால் வேலை நிற்காமல் காக்கும். கைதவறி அழித்ததையும், வெள்ளம் புகுந்ததையும், தீநிரல் பூட்டியதையும் அது காக்காது. ஆகவே ஒரு பிரதி வீட்டைப் பிரிந்து, கணவாய் தாண்டிக் கோயம்புத்தூர் உறவினர் வீட்டு அலமாரியில் வாழ வேண்டும். அங்கே காற்றும் உலர்ந்தது.

இதற்கு உள்ளூர்ச் சான்று உண்டு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-இல் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த வட்டெழுத்துச் செப்பேடுகள் மட்டாஞ்சேரி பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் உடைமை. மின்சாரமும் அப்டேட்டும் இன்றி ஆயிரம் ஆண்டு கடந்த தகவலுக்கே, 2017-இல் நகல் செய்து இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசளித்தார்கள்.

எனவே பெறப்படும் விதி: பெட்டி கடையில் வாங்கியதா, கையால் கூட்டியதா என்பது சுவை பற்றியது, இரண்டாம் பிரதி இருக்கிறதா என்பதே பொருள் பற்றியது. சர்வர் கட்டப் புறப்படுவோர் முதலில் அந்தப் பிரதிக்கான டிஸ்க்கை வாங்குக. கேபினெட்டும் வண்ணவிளக்கு விசிறியும் மிச்சக் காசில்.