சட்டையைக் கழற்றிப் பார்த்தாரா?

கேள்வி: அப்பாவுக்கு வந்தது ஸ்க்ரப் டைஃபஸ். தனியார் மருத்துவமனையில் ஒரு வாரம் 'வைரல் காய்ச்சல்' என்றே வைத்தியம் பார்த்தார்கள். சிறுநீரகம் கெட்ட பிறகு வேறு இடத்தில்தான் கண்டுபிடித்தார்கள். நஷ்டஈடு கேட்கலாமா?
– ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: கட்டாயம் கேளுங்கள் அம்மா. கணிப்பு தவறியது மட்டும் போதாது. கவனமுள்ள ஒரு டாக்டர் செய்திருக்க வேண்டியதை இவர் செய்யாமல் விட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. இந்த நோயில் பூச்சி கடித்த இடம் பலருக்குக் கறுத்த பொருக்காகிவிடும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ ஒளிந்திருக்கும். எல்லோருக்கும் இருக்காதுதான். ஆனால் சட்டையைக் கழற்றிப் பார்க்க ஸ்கேன் மெஷினா வேண்டும்? இந்த நோய்க்குக் கேட்கும் டாக்ஸிசைக்ளினும் விலை குறைந்த மாத்திரைதான். அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

முதலில் கேஸ் ஷீட்டை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. உங்கள் கோபம் எவ்வளவு நியாயமானாலும் அது சாட்சிக் கூண்டில் ஏறாது, காய்ச்சல் சார்ட் ஏறும். வேறொரு நிபுணரின் கருத்தையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. இரண்டாவது மருத்துவமனையின் பில், அப்பா இழந்த கூலி, இனி ஆகும் மருந்துச் செலவு எல்லாவற்றையும் தொகையில் சேர்த்துக் கேளுங்கள், தயங்காதீர்கள்.