1,200 அடிக்கு என் ஆசீர்வாதம்

வாங்க மாப்ள, உக்காருங்க. திருச்செங்கோட்டு போர் வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டீங்களாமா? நல்ல காரியம். முதல் போர் 400 அடி, ரெண்டாவது 800, இப்ப 1,200. ஏறுமுகமாத்தான் இருக்குது. இதைத்தானே வளர்ச்சிங்கறாங்க? தோப்பு மட்டும் அதே 4 ஏக்கராவுல நிக்குது, அதைப் பெருசு பண்ணாதீங்க.

உங்க அப்பாரு காலத்துல நாலு மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டுனோம். 60 அடிக் கிணறு. சால் அடியில தட்டுச்சுன்னா மாட்டை அவுத்துருவோம். ஊத்து சுரக்கற வரைக்கும் மாடு மேயும், மனுசன் வேப்பமரத்தடியில தூங்குவான். மேல நின்னு எட்டிப் பார்த்தாலே தெரிஞ்சுபோகும், இந்த வருசம் மஞ்சளா, சோளமா, வெறும் கொள்ளான்னு. பொல்லாத கிணறுங்க, அடி தெரிஞ்சு தொலைச்சுது. போர்ல அந்தத் தொந்தரவே இல்லை. ஆறரை இஞ்சு ஓட்டைக்குள்ள எவன் எட்டிப் பார்க்கறது? மோட்டார் காத்தைக் கக்கற அன்னிக்குத் தெரிஞ்சா போதும்.

கரண்டு பில்லாவது கையைப் புடிச்சு நிறுத்தியிருக்கும். அதையும் 1990-ல இருந்து கவர்மெண்டே கட்டிக்குது. ஒத்தாசைதான், இல்லேங்கலை, நானும் அனுபவிச்சவன். ஆனா கூலி கேக்காத ஆளைப் பார்த்து "போதும், வூட்டுக்குப் போ"ன்னு யாரு சொல்லுவா? நிலத்தடித் தண்ணிக்குன்னு 2003-ல ஒரு சட்டம் போட்டாங்க. 2013-ல அதையும் ரத்து பண்ணிட்டாங்க. நடுவுல நம்ம ஊருப் பக்கம் அது எட்டிப் பார்த்ததா எனக்கு ஞாபகமில்லை.

எனக்குக் கணக்கு வராது, நீங்க படிச்சவங்க, சரி பாருங்க. ஏக்கராவுக்கு 70 தென்னை. மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர்ன்னா 5,600 லிட்டர். மழை மாசத்தைத் தள்ளி 200 நாள் விட்டாலும் 11 லட்சத்தைத் தாண்டுது. நம்ம பல்லடம் பக்கம் வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்யுதுன்னு வைங்க. ஒரு ஏக்கராவுல விழுகறது 24 லட்சம் லிட்டர். அட, தாராளமா இருக்குதேங்கறீங்களா? வெயில் குடிச்சதும் ஓடையில போனதும் போக, கல்லுக்குள்ள இறங்கறது பத்துல ஒரு பங்குன்னா அதே பெருசு. 2.4 லட்சம். பாக்கி கிட்டத்தட்ட 9 லட்சம் யாரு பத்துல எழுதறீங்க? உங்க பையன் பத்துலதான். எழுதுங்க, எழுதுங்க. பல்லு முளைக்காத பையன் ஆட்சேபமா சொல்லப்போறான்?

நீரோட்டம் பார்க்க வந்தவரு தேங்காயை உள்ளங்கையில வெச்சு நடந்தாராமே, அது நட்டுக்க நின்னுச்சாமே? நிக்குமுங்க. போன ரெண்டு தடவையும் நின்னதுதான். கீழே இருக்கறது கருங்கல்லு. தண்ணி இருக்கறது வெடிப்புல. போகப் போக வெடிப்பு சுருங்கும், வண்டிக்காரர் ரேட்டு மட்டும் 100 அடிக்கு 100 அடி ஏறும். தூக்கற தண்ணி கம்மி, தூக்கற மோட்டார் பெருசு. மேக்காலத் தோட்டத்துப் பங்காளி சும்மா இருப்பாரா? 1,400 போடுவாரு. நீங்க 1,600 போடுங்க, வுட்றாதீங்க. கடைசியில ஜெயிக்கறது திருச்செங்கோடுதான், ஆனா போட்டின்னு வந்துட்டா அதெல்லாம் பார்க்க முடியுமா?

சும்மா கேக்கறேன், அந்தப் பழைய கிணத்துல மட்டையும் குப்பையும் கொட்டறீங்களே, அதைத் தூரெடுத்து, பள்ளத்துல ஓடற மழைத்தண்ணியை வடிகட்டி உள்ளே விட்டா என்னாங்க? காஞ்ச ஒரு ஏக்கராத் தென்னையை எடுத்துட்டு மானாவாரிச் சோளம் விதைச்சா கௌரவம் குறைஞ்சிருமா? மிச்ச மரத்துக்குச் சொட்டு நீரு போடலாம். வண்டிக்குக் குடுக்கறதுல பாதி ஆகுமோ என்னமோ.

ஏனுங்க மாப்ள, மொகம் ஒரு மாதிரி போகுது? சரி சரி, போரே போடுங்க. பூசைக்குத் தேங்காய் மட்டும் கடையில வாங்கிக்குங்க. உங்க தோப்புல கிடக்கறது பூராவும் ஒல்லிக்காய்.