அருவிக்கரைச் செருப்புக் காவலர்: தாராவியை முன்வைத்து ஓர் ஆய்வு

மலையேறியவர்கள் நூல் எழுதியிருக்கிறார்கள். அருவிகளின் உயரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். கரை ஒதுங்கும் சிப்பிக்குக்கூட வகைப்பாடு உண்டு. ஆனால் இந்த இடங்களுக்கெல்லாம் போகும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொள்கிறாரே, அவரை அறிவுலகம் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. இக்குறையைக் களையும் பொருட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் மும்பை தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலிருந்து கட்டுச்சோற்றோடு கிளம்பும் தமிழ்க் குடும்பங்களை முன்வைத்து இவ்வாய்வு செய்யப்பட்டது.

தாராவியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே தோல் பதனிட்டவர்களின் பேரன் பேத்திகள் வாழும் இடம் இது. சயான்–பாந்த்ரா சாலையோரம் தோல் பொருள் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு சோடிக்கு எவ்வளவு தோல் போகும், எந்தத் தையல் மழைக்குத் தாங்கும் என்பதெல்லாம் அறிந்த ஜனம். செருப்பின் மதிப்பு தெரிந்தவர்கள் அதைப் பாறை மேல் அநாதையாக விட்டுவிட்டுப் போவார்களா?

முதலில் வரையறை. ‘நீங்க போங்க, நான் இங்கனக்குள்ள இருக்கேன்’ என்ற வாக்கியத்தைக் குடும்பத்தில் எவர் முதலில் சொல்கிறாரோ அவரே காவலர். தேர்தல் கிடையாது, நியமன ஆணை கிடையாது. பெரும்பாலும் ஆச்சி, ஆச்சி வராத நாளில் மூத்த மருமகள். ஆண்கள் இப்பதவிக்கு வருவது காய்ச்சல் கண்ட நாளில் மட்டும். பொறுப்பில் வருபவை: செருப்புகள், கைப்பேசிகள், மூக்குக் கண்ணாடிகள், கழற்றிய மோதிரம், புளிச்சோற்றுத் தூக்கு, காகிதத்தில் மடித்த தாத்தாவின் பல்செட்டு. கைப்பேசியை ஷூவுக்குள் திணித்து, அதன்மேல் காலுறையைச் சுருட்டி வைப்பது தொன்றுதொட்ட மரபு. இந்த ரகசியம் மும்பைத் திருடர்கள் அனைவருக்கும் தெரியும் என்பது தெரிந்தும் மரபு கைவிடப்படவில்லை.

இப்பதவியின் முன்னோடி பரதன். பதினான்கு ஆண்டு ஒரே சோடியைக் காத்தவர். ஊரைச் சுற்றிப் பார்க்கப் போன குடும்பம் திரும்பும்வரை இடத்தைவிட்டு அசையாதவர். வேதாந்த தேசிகர் பாதுகையைப் பற்றியே ஆயிரத்தெட்டுச் சுலோகம் பாடினார். காத்தவரைப் பற்றித் தனி ஆயிரம் பாட அவருக்கு நேரமில்லை போலும்.

இனிக் களம். மாஹிமில் ஸ்லோ லோக்கல் பிடித்தால் போரிவலி. அங்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. தாராவி இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம், பூங்காவோ 104 சதுர கிலோமீட்டர். சிறுத்தைகள் உலவும் காடு. உள்ளே ஆறேழு கிலோமீட்டர் போனால் கன்னேரிக் குகைகள்: கருங்கல்லைக் குடைந்து பௌத்தத் துறவிகள் உண்டாக்கியவை, நூற்றுக்கும் மேல். மழைக்காலத்தில் குகைகளுக்கு நடுவே ஓடையாகத் தண்ணீர் இறங்கும். நம் குடும்பம் இறங்குவதும் அங்கேதான்.

90-ஆம் எண் குகையில் பஹ்லவி எழுத்தில் கல்வெட்டுகள் உள்ளன. 1009-லும் 1021-லும் வந்து பார்த்த பார்சிகள் தங்கள் பெயர்களை வரிசையாகப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாறையில் பெயர் எழுதும் பழக்கத்துக்கு ஆயிரம் வயது என்று இதைக் கொண்டு மகிழ்வோர் உண்டு. நான் கேட்பது வேறு: இத்தனை பேர் மேலே ஏறிப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தபோது கீழே சாமானைப் பார்த்துக்கொண்டது யார்? அவர் பெயர் பட்டியலில் இருக்க வழியில்லை, அவர்தான் மேலே வரவில்லையே. குகை வாசல்களில் உள்ள கல் திண்ணைகள் துறவிகள் அமர வெட்டப்பட்டவை என்று தொல்லியல் சொல்கிறது. ஒரு மழை நாளில் போய்ப் பார்த்தால் அவற்றில் உட்கார்ந்திருப்பது யார் என்பது தெரியும். இடப்பக்கம் ஆறு சோடி, வலப்பக்கம் தூக்குவாளி, நடுவில் ஆச்சி. துறவுக்கும் அவருக்கும் அதிக தூரமில்லை, குரங்கு வராதவரை. கன்னேரிக் குரங்கு செருப்பை மதிக்காது, சோற்றைத்தான் மதிக்கும். ஆகவே கன்னேரிக் காவலருக்குக் கையில் குடை கட்டாயம்.

ஜூஹு கடற்கரையின் சிக்கல் ஓதம். மழைக்காலத்தில் நாலரை மீட்டருக்கு மேல் ஓதம் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கிறது. செருப்புக் குவியலை எந்த நேரத்தில் எத்தனை அடி பின்னால் நகர்த்த வேண்டும் என்ற அறிவிப்பு மட்டும் இல்லை. காவலர் அனுபவத்தால் நகர்கிறார். கடல் ஏற ஏற அவரும் பின்வாங்கி, பொழுது சாயும் வேளையில் பேல்பூரிக் கடை வாசலுக்கு வந்து சேர்கிறார். குடும்பமும் அங்கேதான் வரப்போகிறது என்பதால் இது பின்வாங்கலா முன்யோசனையா என்று அறுதியிட முடியவில்லை. செருப்பை மணலில் புதைத்து அடையாளத்துக்குக் குச்சி நடும் இளைஞர்களும் உண்டு. அவர்கள் வெறுங்காலோடு பஸ் ஏறுகிறார்கள்.

தாராவியை ஒட்டியே மாஹிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டிய நிலத்தில் மரம் வளர்த்து 1994-ல் திறந்தார்கள். சாலையைத் தாண்டினால் காடு. ஆனால் அங்கே குளிக்க இடமில்லை, செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, காவலர் தேவையில்லை. அதனாலேயே அங்கே போவதை யாரும் ‘டூர்’ என்று சொல்வதில்லை. குளிக்க இடமில்லையே தவிர, தண்ணீர் பக்கத்தில்தான்: போரிவலிக் காட்டிலுள்ள விஹார் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் மித்தி ஆறாகித் தாராவி ஓரமாகத்தான் கடலுக்குப் போகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது, கரையில் இருந்தவரைத் தேடித் தண்ணீரே வந்தது. அன்று ஊர் முழுக்கக் காவலர்தான், சாமானெல்லாம் பரண்மேல்.

லோனாவாலாவின் பூஷி அணை, நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் கொடுக்க அந்தக் காலத்து ரயில் கம்பெனி கட்டியது. இன்று அதன் படிகளில் வழியும் தண்ணீரில் மும்பை உட்கார்ந்திருக்கிறது. பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் இல்லாத ஞாயிறாகப் பார்த்து, தாதர் போய் வண்டி பிடித்து, போர் காட் ஏறி இங்கே வர வேண்டும். காவலருக்கு அணையோரத்தில் இடம் சும்மா கிடைக்காது. சுட்ட சோளக்கதிர் ஒன்று வாங்கினால் கடைக்காரர் பெஞ்சில் உட்கார விடுவார். முதல் கதிர் முடிந்து அரைமணி கழித்து அவர் பார்வை மாறும். அப்போது இரண்டாவது கதிர்.

இங்கேதான் ஆய்வின் மையப் புதிருக்கு வருகிறோம். பூஷியில் காலைக்கூட நனைக்காத அதே ஆச்சி, கோடை விடுமுறை முடியும் தறுவாயில் ஊருக்குப் போனால், குற்றாலத்தில் தலையில் எண்ணெயோடு எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறார். மெயினருவியில் நின்றது போதாமல் ஐந்தருவிக்கும் போக வேண்டும் என்கிறார். மூட்டுவலி பற்றிப் பேச்சே இல்லை. ஒரே உடம்பு, ஒரே தண்ணீர். நடத்தை மட்டும் ஏன் இப்படித் தலைகீழாகிறது?

பெண்களுக்குத் தனி இடம் இருப்பதால் என்பது ஒரு விளக்கம். நனைந்த சேலையோடு நடப்பவரைக் குற்றாலத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அங்கே உலர்ந்த சேலைதான் விசித்திரம். இதில் உண்மை உண்டு. ஆனால் வண்டிக் கொள்கையினர் இன்னும் ஆழமாகப் போகிறார்கள். குற்றாலத்துக்குச் சொந்தக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்துப் போகிறார்கள்; செருப்பு, துணி, பல்செட்டு எல்லாம் வேனில்; வேனுக்குக் காவல் டிரைவர். மும்பையிலோ லோக்கல் ரயில். அதில் எதையும் பூட்டி வைத்துவிட்டு இறங்க முடியாது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கார் வைத்திருக்கும் தமிழர்கள் எல்லாவற்றையும் டிக்கியில் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு தண்ணீரில் இறங்குகிறார்களே, அது எதைக் காட்டுகிறது? ஆக, காவலர் என்பவர் இரண்டு கால் முளைத்த டிக்கி. கார் வாங்க முடியாத குடும்பம் ஆச்சியைக் கொண்டு ஈடுகட்டுகிறது.

இக்கொள்கையைச் சோதிக்க ஒரு வாய்ப்பு அமைந்தது. தொண்ணூறடிச் சாலைக் குடும்பம் ஒன்று, மகனுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில், லோனாவாலாவுக்கு டெம்போ டிராவலர் அமர்த்திக்கொண்டு போனது. பூட்டு உண்டு, டிரைவரும் உண்டு. கொள்கைப்படி ஆச்சி அன்று நனைந்திருக்க வேண்டும்.

“ஆச்சி, வண்டியைப் பூட்டியாச்சு. இறங்கி வாங்க.”

“டிரைவர் தம்பியும் சின்னப் பிள்ளைதானே? அவனும் குளிக்கட்டும். நீங்க போங்க, நான் இங்கனக்குள்ள இருக்கேன்.”

டிரைவர் மறுக்கவே இல்லை. செருப்பைக் கழற்றி ஆச்சி பக்கத்தில் விட்டுவிட்டு ஓடினார். வண்டிக் கொள்கையினர் இந்நேர்வை விதிவிலக்கு என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். மருமகளைக் கேட்டால், அடுத்த பத்து வருடத்தில் அந்த இடம் தனக்குத்தான் என்கிறார்; அதைப் புகாராகச் சொன்னாரா உரிமையாகச் சொன்னாரா என்று குறித்துக்கொள்வதற்குள் அவரை யாரோ தண்ணீருக்கு இழுத்துப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் ஆச்சி கணக்கு ஒப்படைத்தார். எல்லாம் சரியாக இருந்தது, கூடுதலாகக் குழந்தைச் செருப்பு ஒரு சோடி. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. “நீங்கள்லாம் போன பிறகு ஒரு மராத்திக்காரப் பிள்ள வந்து, ‘ஆஜி, பாத்துக்கோ’ன்னு வச்சிட்டுப் போச்சு. அது வரட்டும், அப்புறம் வண்டிய எடுக்கலாம்” என்றார். டெம்போவுக்கு மணிக்கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருந்தது.