குதிகால் மாமா

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் வந்தவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். பந்தியிலிருந்து எழுந்து முதல் நாலடியை யார் நொண்டுகிறார் என்பதுதான் அவருக்கு முகூர்த்தம். நீங்கள் நொண்டினீர்களா, கை கழுவும் இடத்துக்கே வந்து தோளைத் தொடுவார்.

“காலைல எந்திரிச்சு கால கீழ வெச்சா ஆணி குத்துதா சார்?”

“ஆமா சார்.”

“நடக்க நடக்கக் கொறையும். உக்காந்து எந்திரிச்சா மறுபடி?”

“ஆமா.”

“குதிவாதம்!” என்று ஈரக்கையைப் பிடித்துக் குலுக்குவார்.

இவர் இல்லாத ஊர் கிடையாது. ஓய்வுபெற்றவர்; எப்போதோ குதிகால் வலி வந்து போனவர். வலி போன நாளிலிருந்து அதுவே உத்தியோகம்.

சும்மா சொல்லக்கூடாது, மாமாவுக்கு விஷயம் தெரியும். குதி எலும்பிலிருந்து கால்விரல் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த சவ்வு போகிறது. உள்ளங்கால் வளைவைத் தாங்குவது அதுதான். அது எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்துபோனால் இந்த வலி. ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்த சவ்வு காலையில் திடுமென இழுபடுவதால்தான் முதல் அடியில் உயிர் போகிறது. இவ்வளவையும் உங்கள் காலை அவர் மடியில் தூக்கி வைத்து, கட்டைவிரலால் அழுத்தியபடியே விளக்குவார். 40 வயதுக்கு மேல் ஏறிய எடை, நாள் பூரா நிற்கிற வேலை, தேய்ந்த செருப்பு, இறுகிப்போன கெண்டைக்கால் என்று காரணங்களையும் அடுக்குவார். எல்லாம் சரிதான்.

பேச்சு எக்ஸ்ரேவுக்கு வரும்போதுதான் தடம் புரளும். அவர் குதி எலும்பின் அடியில் முள்ளாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் படம் அது. “இதுதான் சார் குத்துது” என்பார். குத்துவது அதுவல்ல. வலியே தெரியாத எத்தனையோ பேர் குதியில் அந்த முள் இருக்கிறது. மாமாவுக்கு வலி போய்விட்டது. முள் அங்கேயேதான் இருக்கிறது. இதைத் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள், படத்தை லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்தது வைத்தியம். யூரிக் ஆசிட் பரிசோதனை, ஜெல் வைத்த குதி மெத்தை, உருட்டிப் பார்த்த ஐஸ் பாட்டில், தொழுநோயால் மரத்த பாதங்களுக்கென்று வந்து பிறகு ஊரெல்லாம் பரவிய எம்.சி.ஆர். செருப்பு என எதையும் மாமா விட்டுவைக்கவில்லை. ஸ்டீராய்டு ஊசியும் ஒன்று போட்டார். கொஞ்ச நாள் சுகம், பிறகு பழைய குருடி. அதையே திரும்பத் திரும்பப் போட்டால் அந்தச் சவ்வே அறுந்துபோகலாம் என்று டாக்டர் சொன்னதும் ஒதுங்கிக்கொண்டார்.

கடைசியில்தான் எருக்கிலை. செங்கல்லைச் சுட வைத்து, மேலே பழுத்த எருக்கிலையைப் போட்டு, குதியால் மிதித்து மிதித்து எடுத்தார். ஒரே வாரத்தில் வலி போச்சு! பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு இந்த வலி கத்தி வைக்காமலே ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடும். மாமா எருக்கிலைக்கு வந்து சேர்ந்ததே பதினோராம் மாதம்தான். அந்த வாரம் விளக்கெண்ணெய் தடவியிருந்தால் இன்றைக்கு விளக்கெண்ணெய் புகழ் பாடிக்கொண்டிருப்பார். போகட்டும் என்று விடலாம். ஆனால் சர்க்கரையால் கால் மரத்துப்போனவரிடமும் இதையே சொல்கிறார். சூடு தெரியாத காலைச் சுட்ட செங்கல்லில் வைத்தால் வெந்துபோகும், அந்தப் புண் லேசில் ஆறாது.

பிசியோதெரபிஸ்ட் சொன்னதை மட்டும் மாமா யாரிடமும் சொல்வதில்லை. சுவரில் கையூன்றி, வலிக்கிற காலைப் பின்னால் நீட்டி, குதியைத் தரையில் பதித்து, கெண்டைக்கால் இழுபடும் வரை சாய்ந்து 30 விநாடி நிற்க வேண்டும். கட்டிலை விட்டு இறங்கும் முன் கால்விரல்களைக் கையால் பிடித்து நம் பக்கமாக இழுக்க வேண்டும். தினமும், மாதக்கணக்கில். “அது சும்மா எக்சர்சைஸ் சார்” என்று முகத்தைச் சுளிப்பார். இலை இல்லை, செங்கல் இல்லை, செலவும் இல்லை. நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

மாமிக்கும் குதிகால் வலி இருந்தது. விடிகாலையிலிருந்து டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்றால் வராமல் என்ன செய்யும்? ஊரார் நடையையெல்லாம் அளக்கிற மாமா கண்ணில் அது படவில்லை. அன்றைக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டவர் மாமி. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு மெத்துச் செருப்பு வாங்கினார். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே அடுக்களைச் சுவரைத் தள்ளத் தொடங்கினார். ஆறேழு மாதத்தில் நடை சரியாகிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் மாமா விடுவாரா? அடுத்த கல்யாணத்தில் கை கழுவும் இடத்தில் ஒருவரைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“எங்க வீட்ல எருக்கிலை ஆவி பட்டதுக்கே அவளுக்கும் போயிடுச்சு சார்!”