மைக்ரோவேவ் கிராணியார்

மலேசியாவின் மூவார் பட்டணத்தில், தோட்டத்துக் கிராணி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, வெளியூரிலிருக்கும் மகனோ மகளோ தீபாவளிக்கு வாங்கியளித்த மைக்ரோவேவ் அடுப்பைக் கூடத்திலே தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சமமான ஆசனத்தில் பிரதிஷ்டை செய்து, அதில் கோழி சமைப்பதையே எஞ்சிய ஆயுளின் லட்சியமாக வரித்துக்கொண்ட பெரியவரைத் தரிசிக்க வேண்டுமானால், ஏதாவதொரு தாமான் குடியிருப்புக்குள் நுழைந்து விசாரித்தால் போதும். வீட்டு எண்கூட வேண்டியதில்லை. அந்த யந்திரம் சமையலறையில் இருக்கலாகாதா என்று கேட்பீர்கள். அங்கே அம்மையாரின் ராஜ்யம் நடக்கிறது. மேலும், சமையலறையில் சபை கூடுவதில்லை.

சபை அத்தியாவசியம். கோழி இவருக்கு ஒரு வியாஜம், பிரசங்கமே காரியம். அகப்பட்ட விருந்தாளியை நாற்காலியில் அமர்த்தி, 1945-இல் அமெரிக்காவில் ராடார் குழாயின் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சர் என்பவரின் சட்டைப்பையிலிருந்த மிட்டாய் உருகிய புராணத்தில் ஆரம்பித்து, 1947-இல் வெளிவந்த ஆதி யந்திரம் ஆளுயரமும் ஏறக்குறைய 340 கிலோ எடையும் உடையதாயிருந்ததை விவரித்து, "அதைக் கொண்டாந்திருந்தா நாம வெளியே அஞ்சடியிலதான் படுத்திருக்கணும், தம்பி" என்று தாமே சிரித்து, விநாடிக்கு 245 கோடி முறை அதிரும் அலைகளுக்கு ஈடுகொடுக்க முயன்று கோழியிலுள்ள நீரின் மூலக்கூறுகள் சூடேறும் ரகசியத்தை வெளியிடுவார். கால் மணியில் முடிந்துவிடும் சமையலின் மகிமையை ஒன்றரை மணி நேரம் விளக்குவதில் அவருக்கு எந்த முரண்பாடும் தோன்றுவதில்லை. 2022-இல் அரசாங்கம் கோழிக்குக் கிலோ 9 வெள்ளி 40 காசு என்று உச்சவிலை விதித்தபோதுகூட, பாசாரில் மற்றவர்கள் விலையைப் பற்றிப் புலம்ப, இவரோ அத்தனை விலை கொடுத்து வாங்கிய பட்சியை ஜனங்கள் வாணலியில் வதைக்கிறார்களே என்றுதான் விசனப்பட்டார்.

மணி அடிக்கும். கதவு திறக்கும். மஞ்சளும் மிளகாயும் பூசியிருந்தும் ஏனோ ரத்தசோகை கண்டதுபோல் வெளுத்த ஒரு கோழி வெளிப்படும். இறைச்சி பொன்னிறம் கொள்ள ஏறத்தாழ 140 பாகை வெப்பம் வேண்டும். ஈரம் கசியும் மேற்புறமோ இந்த அடுப்பில் 100-ஐத் தாண்டுவது அரிது. "என்னங்கய்யா, வெள்ளையா இருக்கே?" என்று எவனாவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், கருகலும் எண்ணெயும் நாக்கின் துர்ப்பழக்கங்கள் என்ற இரண்டாவது பிரசங்கம் தொடங்கிவிடும். ஆயினும், மூவார்க்காரர்கள் காலைப் பலகாரமாகவே சாத்தே உண்ணும் பிரசித்தி பெற்ற வழக்கத்தில் இவருக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. விடிந்ததும் கரியடுப்புப் புகையின் நடுவே அமர்ந்து, ஓரம் கருகிய குச்சிகளைக் கடலைக் குழம்பில் தோய்த்து ஒவ்வொன்றாக உருவும்போது, விஞ்ஞானத்துக்கு விடுமுறை.

ஒருநாள் ஈரலைத் தனியே வைத்தார். ஈரலின் சவ்வுக்குள் நீராவி சிறைப்பட்டால் என்ன நேரும் என்பது அவருடைய பிரசங்கத்தில் இடம்பெறாத அத்தியாயம். அடுத்தடுத்துக் கேட்ட வெடியோசையில் சபை எழுந்து நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அம்மையாரின் குரல் மட்டும் நிதானமாக வந்தது: "ஏங்க, தீவாளிப் பட்டாசு இன்னும் மிச்சமிருக்கா?"

யந்திரத்தின்மேல் பழி சுமத்துவது நியாயமாகாது. அந்த அலைகள் இறைச்சிக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நன்றாகப் பாயும். அதற்கப்பால் வெப்பம் மெல்ல மெல்லத்தான் பரவவேண்டும். துண்டு போட்டு, மூடிவைத்து, நடுவில் புரட்டிவிட்டு, மணி அடித்தபின் சில நிமிஷம் ஆறவிட்டால் கோழி ஒழுங்காகவே வேகும். ஆனால் முழுக்கோழியை முழுக்கோழியாகவே சபைக்குக் காட்டவேண்டும் என்பது நம்மவர் கௌரவப் பிரச்சினை; சொற்பொழிவின் உச்சத்தில் புரட்டிவிட அவகாசமும் கிடைப்பதில்லை. அந்த அடுப்பைச் சரியாகப் பயன்படுத்துகிறவர், முந்தின நாள் மீன்கறியைச் சத்தமில்லாமல் அதில் சூடாக்கிக்கொள்ளும் அம்மையார் ஒருவரே என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, இவர் வீட்டு விருந்துக்கு அழைக்கப்படும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பிரசங்கத்தை முழுதும் கேளுங்கள், தலையையும் ஆட்டுங்கள், ஆனால் தொடை எலும்பின் அருகே இறைச்சி 74 பாகையைத் தொட்டிருந்தாலன்றி, அந்தக் கோழியை மட்டும் தொடாதீர்கள்.