ஒரு ஹெச்.பி.யும் ஊர்ப்பட்ட யோசனையும்

லேத்து மோட்டார் எரிந்துபோனால் வீட்டில் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. மிக்ஸி நின்றால் சட்னி நிற்கும், கிணற்று மோட்டார் நின்றால் குளியல் நிற்கும். கார் ஷெட்டின் மூலையில் கிடக்கும் மூன்றடி லேத்து நின்றால் நிற்பது என் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வார்னிஷ் கருகிய நாற்றம் சமையலறை வரை போனபோது மனைவி எட்டிப் பார்த்து, "எம்பட அடுப்புல ஒண்ணுமில்லீங்க" என்று தன் தரப்பைப் பதிவு செய்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

துக்கம் கேட்க ஆளில்லாவிட்டாலும் யோசனை சொல்ல ஆள் உண்டு, ஏனென்றால் இது கோயம்புத்தூர். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இலேயே உள்நாட்டு மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். அதற்குப் பிறகு இங்கே பிறந்த ஒவ்வொருவருக்கும் மோட்டார் பற்றி அபிப்பிராயம் உண்டு. மற்ற ஊர் டீக்கடைகளில் அரசியல் ஓடும், எங்கள் தெருமுனைக் கடையில் பேரிங் நம்பர் ஓடும்.

எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றே: "எத்தனை ஹெச்.பி.ங்க?" பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் மச்சினனுக்கு ஏழரை ஹெச்.பி.க்குக் கீழே இருப்பதெல்லாம் பொம்மை. அவர் கிணற்றில் ஏழரை, பக்கத்துத் தோட்டத்தில் ஏழரை. எனக்கும் ஏழரையைக் கொண்டுவந்து சேர்க்காமல் ஓயமாட்டார் போலிருந்தது. "மாமா, வாங்கறதே வாங்கறீங்க, எச்சா வாங்கிப் போடுங்க. நாளைக்குப் பத்தாம போச்சுன்னா?"

ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். குதிரையை அதில் கோர்த்துவிட்டவர் ஜேம்ஸ் வாட். நீராவி எந்திரம் வாங்க வந்தவர்களுக்கு, இது எத்தனை குதிரையின் வேலையைச் செய்யும் என்று சொன்னால்தான் மண்டையில் ஏறியது. ஆக அது பிறவியிலேயே விற்பனைக்காரன் பேச்சு. என் லேத்துக்குத் தேவை ஒரே ஒரு ஹெச்.பி. அதற்கு மேல் போட்டு, பெல்ட்டையும் அதற்கேற்ப இறுக்கினால், உளி ஆழமாக மாட்டிக்கொள்ளும் நேரத்தில் பெல்ட் வழுக்குவதற்குப் பதில் உளி முறியும், இல்லையென்றால் ஹெட்ஸ்டாக் கியரில் பல் போகும். வழுக்கத் தெரிந்த பெல்ட் லேத்துக்குப் பெரிய காவல். இதை மச்சினனிடம் விளக்கினேன். "அப்ப பெல்ட்டையும் நல்லதாப் போட்டுருங்க மாமா" என்றார்.

உண்மையில் முதலில் பார்க்கவேண்டியது வேகம். எரிந்த மோட்டாரின் பெயர்ப்பலகை மேல் இதுவரையிலான எல்லா எஜமானர்களும் பெயின்ட் அடித்திருந்தார்கள். மேலே சாம்பல் நிறம், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே இன்னொரு பச்சை. மண்ணெண்ணெய்த் துணியும் பழைய பிளேடுமாக உட்கார்ந்து சுரண்டியதில் 1425 என்ற எண் மெல்ல எழுந்து வந்தது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு போல் மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று போகும், ரோட்டர் சற்றுப் பின்தங்கி வரும். இரண்டு போல் என்றால் 2880-ஐ ஒட்டி ஓடும். கடைக்காரரிடம் கையிருப்பில் இருந்தது இரண்டு போல்தான். "டபுள் ஸ்பீடுங்க சார், வேலை சீக்கிரம் முடியும்" என்றார்.

சீக்கிரம் முடியும்தான், லேத்தும் சேர்ந்து. 50 மி.மீ. இரும்புத் தண்டைச் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். உளியால் கடைய நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டுவேகம் போதும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 190 சுற்று. தண்டைக் கவ்விப் பிடிக்கும் அந்தப் பழைய வார்ப்பிரும்புச் சக்கை அதற்கென்று வைத்த வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் சுழலவிட்டுவிட்டு எதிரே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கடைக்காரருக்கு இருந்தது, அவர் நிற்கப் போவதில்லையே.

பழையதுக்கே காயில் கட்டிவிடலாமா என்று கேட்பீர்கள். கேட்டேன். காயில் கட்டுகிறவர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, நாடி பார்க்கும் நிதானத்தோடு உள்ளே பார்த்தார். "காயில் மட்டும் போயிருந்தா ராத்திரிக்கே கட்டித் தந்தர்லாமுங்க. பேரிங் உக்கார்ற எடமே தேஞ்சு போச்சு. ரோட்டரு ஸ்டேட்டர்ல ஒரசியிருக்குது பாருங்க" என்று பளபளத்த ஒரு பிறையைக் காட்டினார். கூடவே சென்ட்ரிஃபியூகல் சுவிட்சும் ஒட்டிக்கொண்டிருந்தது. கிளம்பியதும் 'டக்' என்று விலகவேண்டிய சுவிட்ச் விலகாமல் போனால் ஸ்டார்ட்டிங் காயில் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், பிறகு புகையும். "செம்பை மட்டும் எடைக்குப் போட்டுக்குங்க. கனமான கம்பிங்க, இப்ப இப்படிச் சுத்தறதில்லை" என்றார். செத்த வீட்டில் நகையைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

இதற்கிடையே தானம் கொடுக்க வந்தவர்கள் கதை தனி. ஒருவர் வெட் கிரைண்டர் மோட்டார் தந்தார். மாவாட்டப் பிறந்தது இரும்பைப் பார்த்ததும் முனகியது. இன்னொருவர் மோனோபிளாக் பம்பைத் தூக்கி வந்தார். அதன் ஷாஃப்ட் நேரே பம்புக்குள் போய் இம்பெல்லரில் முடிகிறது, புல்லி மாட்ட இடமே இல்லை. அடுக்குமாடி நண்பர், வாங்கிய மறுமாதமே துணி காயப்போடும் கொடியாகிவிட்ட தன் டிரெட்மில்லிலிருந்து டி.சி. மோட்டாரைக் கழற்றித் தந்தார். உடம்பு ஒரு டிபன் கேரியர் அளவு, சீட்டில் மட்டும் இரண்டரை ஹெச்.பி. அந்தக் குதிரைகள் ஒரு கண நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற குதிரைகள். அதோடு உடம்பெல்லாம் ஜன்னல், உள்ளே இரும்புச் சீவல் பறந்து போனால் கதை முடிந்தது. லேத்துக்கு முழுக்க மூடிய, வெளியே விசிறி வைத்த மோட்டார்தான் சரி.

கடைசியில் ஒரு உருப்படியான யோசனை மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணனிடமிருந்து வந்தது. "த்ரீ ஃபேஸ் மோட்டார் ஒண்ணு வாங்கிப் போட்டு, டிரைவ் வெச்சு ஓட்டுங்க தம்பி." வீட்டுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட். டிரைவ் அதை வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும். வேகத்தைத் திருகியைத் திருப்பிக் கூட்டலாம், குறைக்கலாம். சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கே உரிய அந்த உதறலும் இருக்காது, கடைசல் வழவழப்பாக வரும்.

நம் ஊர் ஒரு ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டி வருகிறது. 230-இல் ஓட்ட அதை டெல்டாவுக்கு மாற்றவேண்டும். கடையில் டெர்மினல் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். மோட்டார் வாங்க வந்தவன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறானே என்று கடைக்காரர் முகம் போனது. உள்ளே ஆறு முனைகள், மூன்று மூன்றாக இரண்டு வரிசை, ஒரு வரிசையை மட்டும் குறுக்கே இணைத்துப் பித்தளைத் தகடு. அது ஸ்டார். தகடுகளைக் கழற்றி மேலும் கீழுமாக நிறுத்தி மாட்டினால் டெல்டா. ஆறு முனை இல்லாமல் மூன்றே கம்பி வெளியே வரும் மோட்டார்களும் உண்டு, அவற்றை மாற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

டிரைவ் வந்தபின் வேகத்துக்காகப் பெல்ட்டை இனி புல்லியில் படி மாற்றி மாட்டவே வேண்டாம் என்று ஒரு கனவு கண்டேன். அண்ணன் அதையும் கலைத்தார். 25 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் ஒரு ஹெச்.பி. அரையாகிவிடும். விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் வேர்க்கும். கனமான வெட்டுக்குப் பெல்ட்டைத்தான் இறக்கவேண்டும். "ரிவர்ஸை லாக் பண்ணிப் போடுங்க" என்றார் கூடவே. என் லேத்தில் சக்கு மரையில் ஏறி உட்காரும் வகை. பின்பக்கமாகச் சுழற்றி வெட்டினால் அது தானே கழன்று மடிக்கு வரும்.

எல்லாம் பொருந்தி, 80 ஃப்ரேம் மோட்டார் வீடு வந்தது. ஷாஃப்ட் 19 மி.மீ. பழைய புல்லியின் துளை 5/8 அங்குலம், அதாவது 16 மி.மீ.க்கும் ஒரு மயிரிழை குறைவு. துளையைப் பெரிதாக்கினால் போதும், அதற்குத் தேவை ஒரு லேத்து.

வீட்டில் லேத்து வைத்திருப்பவன் புல்லியைப் பையில் போட்டுக்கொண்டு லேத்துப் பட்டறைக்குப் போனேன். "ஏனுங்க சார், உங்ககிட்டயே லேத்து இருக்குதுன்னு சொன்னீங்களே?" என்றார் பட்டறைக்காரர். இருக்கிறது என்றேன். மேலே கேட்காமல் புல்லியைச் சக்கில் பிடித்து, டயல் கேஜ்கூட வைக்காமல் சாக்பீஸை ஓரத்தில் உரசவிட்டு நேராக்கி, போர் அடிக்க ஆரம்பித்தார். துளை கண்ணாடியாக வந்தது. கீவே மட்டும் பக்கத்துக் கடையில் ஸ்லாட்டிங் போடச் சொன்னார்.

அப்போதுதான் அவர் லேத்துக்குப் பின்னால் பார்த்தேன். மோட்டார் ஒரு தேக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் போல்ட், மறுபக்கம் நைலான் கயிறு. விசிறி மூடியைக் காணோம், பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைதான் மிச்சம்.

"எத்தனை ஹெச்.பி.ங்க இது? எத்தனை ஆர்.பி.எம்.?"

அவரும் திரும்பி, முதல்முறையாகப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

"தெரியலீங்க. வாங்கும்போதே இதுல இருந்துச்சுங்க."